அமாவாசைக்கு மூன்றாம் நாள்

புதன்கிழமை காலை எட்டேகால் மணிக்கு அந்த அஞ்சலட்டை என் மேசைக்கு வந்தது. திங்கட்கிழமையே வந்திருக்க வேண்டியது. கிள்ளான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஒருவர் வாரம் தவறாமல் எனக்கு எழுதி அனுப்பும் அட்டை அது. அடுத்த ஏழு நாளும் கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும், எத்தனை அடி என்று கட்டம் போட்டு எழுதியிருப்பார். மழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் சரிந்து வண்டிகள் தடுமாறியதால் தபால் மூட்டை கிள்ளானிலேயே இரண்டு நாள் தங்கிவிட்டது. அட்டையின் ஓரம் நனைந்து முத்திரை மை பரவியிருந்தது. எண்கள் மட்டும் கெடவில்லை.

அந்த வாரத்திலேயே பெரிய நீர் எந்த நாள் என்று விரலை வைத்துப் பார்த்தேன். புதன், மாலை ஐந்தே முக்கால். திங்கட்கிழமையைவிட ஓரடிக்கு மேல் அதிகம்.

முந்தின நாள் காலை வெளியான எங்கள் பத்திரிகையில் நான் எழுதிய குறிப்பு இது: “அமாவாசைப் பெருநீர் நேற்றோடு கழிந்தது. இன்று முதல் கடல் தணியும். மழையும் விடும் அறிகுறி தெரிகிறது. கரையோரத்தார் அச்சமின்றி வேலை தொடங்கலாம்.”

வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும் வரும் சிறிய பத்திரிகை. கோலாலம்பூரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை எங்கள் அலுவலகம். ஐப்பசி முதல் தை வரை மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘கடலோரக் குறிப்பு’ என்று ஒரு சின்னப் பெட்டி வரும். மீன் வாடிக்காரர்கள், கொப்பரை காயவைப்பவர்கள், தீவுத் தோட்டங்களுக்கு லாஞ்சுப் படகில் போகும் கிராணிகள் இவர்களெல்லாம் அதைப் படித்தார்கள். எழுதியவன் நான். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்தவன். அதுவரை கடலை நான்கைந்து தடவைக்கு மேல் பார்த்ததில்லை.

பார்க்காத கடலைப் பற்றி எழுத எனக்கென்று சில வழிகள் இருந்தன. நீருக்கு அந்த அட்டை. மழைக்குக் கிள்ளானிலிருந்து வரும் காலை வண்டி. பெட்டிகளின் கூரை ஈரமா, ஈரமென்றால் சொட்டுகிறதா, உலர்ந்து திட்டுத் திட்டாக இருக்கிறதா என்று மேம்பாலத்தில் நின்று பார்ப்பேன். பிறகு ரயில் கார்டைக் கேட்பேன். சிங்கப்பூரிலிருந்து வரும் வானிலை அறிவிப்பை இங்கிலீஷ் பேப்பரில் படிப்பேன். அதில் எப்போதும் ‘சில இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்றுதான் இருக்கும். எங்கள் ஆசிரியருக்கு அந்த ‘கூடும்’ ஆகவே ஆகாது.

“கூடும், பெய்தாலும் பெய்யலாம்னு எழுதறதுக்கு எதுக்குய்யா பேப்பரு? அதைக் காப்பிக்கடையில ஓசியிலயே சொல்லிடுவானே. பெய்யுமா, பெய்யாதா? ஒண்ணு சொல்லு.”

ஆகவே ஒன்று சொல்லிப் பழகியிருந்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் கெடுதல்.

திங்கட்கிழமை அட்டை வரவில்லை. அச்சுக்குப் போக வேண்டும். சுவரில் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்தேன். கார்த்திகை மாதம், சோமவாரத்தில் வந்த அமாவாசை. காலையில் அலுவலகத்துக்கு வரும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் அரசமரத்தைப் பெண்கள் சுற்றிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருந்தேன். எங்களுக்கு அமாவாசை என்றால் அந்த ஒரு நாள்தான். அன்று விரதம், அன்று படையல், மறுநாள் எல்லாம் பழையபடி. கடலுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேனா என்று கேட்டால், நினைக்கக்கூட இல்லை என்பதே உண்மை. சாயங்கால வண்டியின் கார்டு, “தண்ணி பெருசுதான், ஆனா கரையைத் தாண்டலை” என்றார். மேற்கே வானம் சற்று வெளுத்திருந்தது. நான்கு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கடைசி வரியில் ‘வேலை தொடங்கலாம்’ என்று எழுதியபோது ஒரு குறிப்பிட்ட மனிதரை மனத்தில் வைத்தே எழுதினேன்.

அவர் கிள்ளானுக்கு வடக்கே, காப்பார் சாலையிலிருந்து கடல் பக்கம் இரண்டு மைல் உள்ளே இருந்தார். ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். ஊருக்குக் கப்பல் ஏறாமல், ஒரு ஜாவாக்காரரிடம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, பெண்சாதியும் தானுமாக வெற்றிலை பயிரிட்டார். வாரம் ஒரு கடிதம் எழுதுவார். “தங்கள் குறிப்பில் மழை விடும் என்று கண்டேன். விடவில்லை. ஆயினும் தங்கள் பத்திரிகையையே நம்பியிருக்கிறேன்” என்ற மாதிரி. ஒரு முறை போய்ப் பார்த்தும் இருக்கிறேன். கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஆள் உயர மண்கரை. கரையில் ஒரு பலகைக் கதவு. கடல் இறங்கும்போது உள்நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். ஏறும்போது கடலே அதை அழுத்தி மூடிவிடும்.

சனிக்கிழமை வந்த அவருடைய கடிதம் என் மேசையில்தான் இருந்தது. பத்து நாள் மழையில் பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கிவிட்டது, கதவு வழியாகப் போவது போதவில்லை, கொடியின் வேர் அழுக ஆரம்பிக்கும் முன் கரையை வெட்டித் தண்ணீரை விடலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். “பெருநீர் கழியும் நாளைத் தங்கள் குறிப்பில் தெளிவாகப் போட வேண்டுகிறேன். அதைப் பார்த்தே மண்வெட்டியை எடுப்பேன்.”

தெளிவாகப் போட்டிருந்தேன்.

அவர் செவ்வாய்க்கிழமை பேப்பரைப் படித்துப் புதன்கிழமை கரையை வெட்டினால், அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு அந்த வெட்டு வழியாகக் கடல் உள்ளே வரும். மழைத் தண்ணீர் நின்றால் கொடி போகும். உப்புத் தண்ணீர் நின்றால் மண்ணே போய்விடும். அந்த மண்ணில் இரண்டு வருஷத்துக்கு ஒன்றும் முளைக்காது.

ஆசிரியரிடம் அட்டையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

“வெள்ளிக்கிழமை திருத்தம் போட்டுக்கலாம்.”

“கடல் இன்னைக்கு ஏறுதுங்க.”

“ஒரு தந்தி குடு.”

“கிள்ளான் ஆபீஸ்ல வாங்கி, ஆள் எடுத்துக்கிட்டுப் போய்ச் சேர நாளைக்கு ஆயிடும். கரையை வெட்டறேன்னு எழுதியிருக்காரு. நம்ம பேப்பரைப் பார்த்துட்டு வெட்டறேன்னு.”

ஆசிரியர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “போ. ஆனா பேப்பர் தப்புன்னு சொல்லாதே. தபால் தாமதம்னு சொல்லு” என்றார்.

ஒன்பது மணி வண்டி பத்துக்கு முன் கிளம்பவில்லை. மண் சரிந்த இடத்தில் வண்டி நடக்கிற வேகத்தில் போயிற்று. கூலிகள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்தார்கள். அட்டையின்படி கடல் பதினொன்றரைக்கு அடியில் இருக்கும். அதற்குப் பிறகு ஏறும். கிள்ளானில் இறங்கும்போது மணி பதினொன்று இருபது. காப்பார் பக்கம் போகும் சின்ன பஸ்ஸில் ஏழு பேர் சேர்ந்தால்தான் எடுப்பான். நாங்கள் ஐந்து பேர். டிரைவர் கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

“அண்ணே, அவசரம். எடுங்களேன்.”

“எனக்கும் அவசரம்தான். இன்னும் ரெண்டு பேருக்கு அவசரம் வரட்டும்.”

இருபது நிமிஷம் கழித்து அந்த அவசரம் வந்தது. வழியில் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். கடல் பக்கம் வெளிச்சம். எதிர்ப்பக்கம், மேரு என்ற ஊருக்கு மேலே, மேகம் அடுக்கடுக்காக ஏறியிருந்தது. அடிப்பாகம் கறுப்பு. அது இங்கே வருமா, அங்கேயே கொட்டிவிட்டுக் கலையுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்திருந்தால் தயங்காமல் ஒன்று எழுதியிருப்பேன்.

காப்பார் சாலையில் ஒரு மளிகைக் கடை. பேப்பர்கள் அங்கேதான் இறங்கும். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“உங்காளு நேத்து இந்தப் பலகையில உக்காந்துதான் படிச்சாரு. சும்மா இல்ல, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. ‘பார்த்தீங்களா, போட்டுட்டான்’னு துள்ளிக் குதிச்சுப் போனாருலா.”

“வெட்டறேன்னு சொன்னாரா?”

“காலையில ஒரு மண்வெட்டி இரவல் வாங்கிட்டுப் போயிருக்காரே.”

அங்கிருந்து இரண்டு மைலும் வாய்க்கால் ஓரத்து ஒற்றையடிப் பாதை. களிமண் செருப்பைப் பிடித்து இழுத்தது. பாதி வழியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். தோட்டம் தெரிவதற்கு முன்பே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கரை வெட்டப்பட்டிருந்தது. நாலடி அகலத்துக்கு வெட்டியது, ஓடும் தண்ணீர் இரு பக்கமும் அரித்துப் பத்தடி ஆகிவிட்டது. பழுப்புத் தண்ணீர் அதன் வழியாக வெளியே, கண்டல் மரங்களின் வேருக்கு நடுவே சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் வெகுதூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. பார்ப்பதற்கு ஆபத்தென்று சொல்ல ஒன்றும் இல்லை. மணி ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

அவர் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “அட, பேப்பர்காரத் தம்பி! பார்க்க வந்தீங்களா? பாத்தியெல்லாம் தலை தூக்கிடுச்சு பாருங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடினாப் போதும்.”

கரை மேலே அவருடைய மனைவி கூடையோடு நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் அந்த ஜாவாக்காரர், நிலத்துக்காரர். வயதானவர். அவர் சிரிக்கவில்லை.

தபால் தாமதம் என்று சொல்லவே வந்தேன். வாயில் வேறு வந்தது. “அண்ணே, நான் போட்டது தப்பு. பெரிய தண்ணி இன்னைக்குத்தான். சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு. அமாவாசையைவிட ஓரடி கூட.”

அட்டையை நீட்டினேன். அவர் கையில் சேறு. வாங்கவில்லை. எண்களை எட்டிப் பார்த்தார்.

“அமாவாசை போயி ரெண்டு நாளாச்சேப்பா.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்.”

அவர் மெதுவாகத் திரும்பி ஜாவாக்காரரைப் பார்த்தார். மனைவிதான் சொன்னார்: “பெரியவரு நேத்தே சொன்னாரு தம்பி. ‘ஆயேர் பெசார் பெலும் லாகி’ன்னு. பெரிய தண்ணி இன்னும் வரலைன்னு. அமாவாசை இருட்டுக்கு அப்புறம் ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் வரும்னு. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? உங்க பேப்பரை எடுத்து அவரு மூஞ்சிக்கு நேரா ஆட்டினாரு. அச்சுல வந்திருக்குன்னு. பாவம், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசாமப் போயிட்டாரு.”

ஜாவாக்காரர் தம்மைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்து, தாடையால் கடலைக் காட்டினார். கோடு சற்றுக் கிட்டத்தில் இருந்தது.

“இப்பவே அடைக்கணும் அண்ணே.”

“இருங்க.” அவர் கரை மேல் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. “இப்ப அடைச்சா உள்ள நிக்கிற தண்ணி எங்க போகும்? பாதிதான் வடிஞ்சிருக்கு. கதவைக் கடல் மூடிட்டா ராத்திரி வரைக்கும் ஒரு சொட்டுப் போகாது. அதுக்குள்ள மழை அடிச்சா?” மேருப் பக்கத்து மேகத்தைக் கையால் காட்டினார். “அது வருமா, வராதா? அதைச் சொல்லுங்க. வராதுன்னா இப்பவே அடைக்கிறேன். வரும்னா மூணு மணி வரைக்கும் ஓட விட்டுட்டு அப்புறம் அடைக்கிறேன்.”

நான் மேகத்தைப் பார்த்தேன். தரையில் காற்று கடலிலிருந்து வந்தது. மேகம் எதிர்த்திசையிலிருந்து வருவது போலவும் இருந்தது, நிற்பது போலவும் இருந்தது. மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“தெரியலை அண்ணே.”

“தெரியலையா? நேத்துத் தெரிஞ்சுது. இருபத்தஞ்சு மைலுக்கு அப்பால உக்காந்துக்கிட்டு மழை விடும், கடல் தணியும், எல்லாம் தெரிஞ்சுது. இங்க வந்து தலைக்கு மேல பார்த்தாத் தெரியலையா?”

அவருடைய மனைவி கூடையைக் கீழே வைத்தார்.

“ரெண்டு பேரும் நிறுத்துங்க. மழைத் தண்ணி நின்னா பாதிக் கொடி போகும். உப்புத் தண்ணி வந்தா மண்ணு போகும். கொடியை மறுபடி நட்டுக்கலாம். மண்ணை எங்க போயி வாங்குவீங்க? அடைங்க.”

சொல்லிவிட்டுச் சாக்குகளை எடுக்க வீட்டுக்கு நடந்தார். நாங்கள் பேசுவதற்குக் காத்திருக்கவில்லை.

பத்தடி வெட்டை மூடுவது, அதுவரை மண்ணை வெட்டிப் பழகாத எனக்கு ஒரு மணி நேர வேலையாகத் தோன்றியது. நான்கு பேர் சேர்ந்து நான்கு மணி நேரம் செய்தோம். ஜாவாக்காரர் தம் வீட்டு வளவிலிருந்து தென்னை மரத்துண்டு இரண்டைத் தம் எருமையைக் கட்டி இழுத்துவந்தார். அவற்றைக் குறுக்கே போட்டுக் கம்புகளை அடித்தோம். நடுவே தென்னோலை. அதற்கு மேல் களிமண் நிரப்பிய சாக்கு. நிரப்பிய மண் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. முதல் மூன்று வரிசைச் சாக்கை ஓடும் தண்ணீர் அப்படியே தள்ளிவிட்டது. குத்தகைக்காரர் ஒரு முறை பலமாகத் திட்டினார். யாரை என்று கேட்கவில்லை.

இரண்டரைக்குக் கண்டல் வேர்களுக்கு நடுவே தண்ணீர் தெரிந்தது. அலையென்று ஒன்றும் இல்லை. சேறு பளபளத்தது, பிறகு அந்தப் பளபளப்பு நகர்ந்தது, அவ்வளவுதான். மூன்று மணிக்கு உள்ளே இருந்து வெளியே ஓடிய தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகாமல் ஒரு தென்னங்குச்சி அதே இடத்தில் சுற்றியது. பிறகு அது உள்ளே வர ஆரம்பித்தது.

“இங்க வாங்க, தம்பி! சாக்கு மேல ஏறி நில்லுங்க!”

ஏறி நின்றேன். அவர் என் காலடியில் மண்ணைக் கொட்டினார். மனைவி அதை மிதித்தார். நான்கு மணிக்குச் சாக்கு வரிசை கடலைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. நாலரைக்கு ஒரு சாண். நாங்கள் ஏற்றுவதைவிட வேகமாகக் கடல் ஏறியது. ஜாவாக்காரர் கரைக்கு வெளியே ஒரு குச்சியை ஊன்றி, அடிக்கடி குனிந்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நாங்கள் அவரைப் பார்ப்போம். அவர் விரலை மேலே காட்டுவார்.

அப்போது மழை வந்தது. மேருப் பக்கத்திலிருந்து இல்லை. யாரும் பார்க்காத வடக்கிலிருந்து, கரையோரமாகவே வந்தது. பத்து நிமிஷத்தில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன் மனைவி கூப்பிட்டார். அவர் கரைக்கு உள்பக்கம் இறங்கியிருந்தார். சாக்குகளுக்கு அடியில், தென்னந்துண்டுக்கும் பழைய கரைக்கும் நடுவே, கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. தண்ணீர் கொப்பளித்து வந்தது. ஓலையைத் திணித்தோம், துப்பியது. வாழைத்தண்டைத் திணித்தோம். பாதி நின்றது. மீதி நிற்கவில்லை.

பாத்திகள் கரைக்கு இணையாகப் பன்னிரண்டு வரிசை. எல்லா வரிசையையும் வெட்டிக்கொண்டு நடுவே ஒரு குறுக்கு வாய்க்கால், வடிகாலுக்காக வெட்டியது. ஓட்டையில் வந்த உப்புத் தண்ணீர் இப்போது அந்த வாய்க்கால் வழியாக முதல் வரிசைக்குப் போய், இரண்டாவதற்குப் போய், உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பெருநீருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

“வாய்க்காலை அடைச்சுட்டா?” என்றேன்.

“எங்க அடைக்கிறது?” என்றார் அவர். “உப்பு எது வரைக்கும் போச்சுன்னு யாருக்குத் தெரியும்? மழையில எல்லாம் ஒரே நிறமா இருக்கு. முன்னால அடைச்சா உப்பு உள்ள மாட்டிக்கும். ரொம்பப் பின்னால அடைச்சா நல்ல வரிசையைத் தூக்கிக் கடலுக்குக் குடுத்த மாதிரி.”

மனைவி அதற்குள் முதல் வரிசையில் குனிந்து, கையால் அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். என்னைப் பார்த்தார்.

“நீங்களும் வாங்க தம்பி. எனக்கு வாயெல்லாம் வெத்திலை. நாக்கு மரத்துப்போயிருக்கு. நீங்க பாருங்க.”

“நானா?”

“பேப்பர்ல எழுதத் தெரியுதில்ல. குடிச்சுப் பாருங்க.”

இரண்டாவது வரிசையில் அள்ளிக் குடித்தேன். உப்பு. சேறும் உப்பும். சந்தேகமில்லை. “உப்பு” என்றேன். மூன்றாவது வரிசைக்கு நகர்ந்தோம். “உப்பு.” நான்காவது. மழைத் தண்ணீர் மேலே கலந்திருந்தது, அடியிலிருந்து அள்ளினேன். “உப்புதான். கொஞ்சம் குறைச்சல்.”

ஐந்தாவதில் அள்ளியபோது வாயில் ஏற்கெனவே உப்பு இருந்தது. துப்பினேன். மழையில் வாயைத் திறந்து கொப்பளித்துவிட்டு மறுபடி அள்ளினேன். இருப்பது போலவும் இருந்தது, என் நாக்கில் ஒட்டியிருந்ததுதான் போலவும் இருந்தது. கணவர் வாய்க்காலின் ஓரத்தில் மண்வெட்டியை ஓங்கியபடி நின்றார். நான் ஐந்தில் உப்பில்லை என்றால் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே போடுவார். உண்டு என்றால் ஐந்தாவதை விட்டுவிடுவார். வரிசைக்கு நூறு கொடிக்கு மேல்.

“சொல்லுங்க தம்பி!”

“உறுதியாச் சொல்ல முடியலை அண்ணே. இருக்கும்னும் தோணுது, இல்லைன்னும் தோணுது.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மனைவி முந்திக்கொண்டார்.

“உறுதியில்லேன்னா விட்டுடுவோம். அஞ்சுக்கு அப்பால போடுங்க. ஆறு வரைக்கும் வந்திருக்காது இல்ல?”

ஆறாவதில் குடித்துப் பார்த்தேன். மண் வாசனை, அழுகிய இலை வாசனை. “இல்லை. ஆறுல இல்லை.”

“அது உறுதியா?”

“உறுதி.”

அவர் மண்வெட்டியை இறக்கினார். வாய்க்கால் ஒன்றரை அடி அகலம்தான். மூன்று பேரும் கையாலும் காலாலும் மண்ணைத் தள்ளி, பத்து நிமிஷத்தில் அடைத்துவிட்டோம். அதன் மேல் மனைவி தம் கூடையைக் கவிழ்த்து வைத்து ஏறி மிதித்தார். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. சாக்கு வரிசையில் போய் உட்கார்ந்தோம். கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால் நான்கு விரல் தாழ்வில் இருந்தது. மழை மெலிந்து தூறலாகிக் கடல் பக்கம் போயிற்று.

ஆறு மணிக்கு ஜாவாக்காரர் குச்சியருகே குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு விரலைக் கீழே காட்டினார்.

குத்தகைக்காரர் எழுந்து முதல் வரிசைக்குப் போனார். கொடிகள் பாக்கா எனும் கண்டல் மரக் கம்புகளில் தோளளவு ஏறி, மழையில் கழுவிய மாதிரி பச்சையாக நின்றன. எந்தக் கெடுதலும் தெரியவில்லை. ஓர் இலையைக் கிள்ளி மடித்துப் பார்த்தார்.

“ரெண்டு மூணு நாள்ல வாட ஆரம்பிச்சுடும்” என்றார். “இப்பவே எடுத்துட்டா சந்தைக்காவது ஆகும். வெளிச்சம் இருக்கிறப்பவே கிள்ளிடணும்.”

மனைவி கவிழ்த்த கூடையை நிமிர்த்தி, சேற்றைத் தட்டிவிட்டு எடுத்து வந்தார். காம்பு விடாமல் எப்படிக் கிள்ளுவது என்று எனக்கு ஒரு முறை காட்டினார். முதல் வரிசையை அவர் எடுத்துக்கொண்டார், இரண்டாவதை அவருடைய கணவர். எனக்கு மூன்றாவது. வேகமாகக் கிள்ளினோம். மேற்கே கடலுக்கு மேல் கொஞ்சம் வெளிச்சம் மீதி இருந்தது. மூன்றாவது முடிந்து நான்காவதிலும் பாதி போனபோது, பக்கத்து வரிசையின் கொடி ஒன்று சாய்ந்து என் கைக்கு எட்டியது.

“அஞ்சாவதையும் எடுக்கட்டுமா அக்கா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அதைத் தொடாதீங்க” என்றார். “அது இன்னும் தெரியாது.”